விளையாட்டுக் கணிப்பொறிக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டா, இரண்டா?

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வாளையாறு ஆகிய எல்லைப் பகுதிகளிலும், இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், உடும்பன்சோலை, பீர்மேடு வட்டங்களிலும் தமிழ் பேசும் மக்கள் பெருந்தொகையினராக வாழ்கின்றனர். கணிப்பொறி வாங்க விரும்பும்போது, சமவெளியினர் கோயம்புத்தூருக்குச் செல்வதும், மலைப்பகுதியினர் தேனி, கம்பம், போடி முதலிய ஊர்களுக்கு இறங்கி வருவதும் வழக்கமாக இருந்து வருகின்றன. பிள்ளைகள் கேட்கும் விளையாட்டுக் கணிப்பொறி சிறு செலவில் முடிவதன்று. அதன் பாகங்களுள் பெரும்பாலும் மிகுந்த விலையுடையது கிராபிக்ஸ் கார்டு எனப்படும் பாகமே. ஆகையால் பணம் கொடுப்பதற்கு முன் பெற்றோர் ஊரிலுள்ள ஆசிரியரையோ, வளர்ச்சித் துறை ஊழியரையோ, நூலகப் பொறுப்பாளரையோ அணுகி யோசனை கேட்பது இயல்பு.

அவ்வாறு கேட்கப்படும் கேள்விகளுள் ஒன்று பின்வருமாறு: “புதிய கார்டு ஒன்று வாங்கும் விலைக்குப் பழைய கார்டுகள் இரண்டு கிடைக்கின்றன. இரண்டையும் ஒரே பெட்டியில் பொருத்தினால் இருமடங்கு வேகம் கிடைக்கும் என்கிறார்களே, அது உண்மையா?” இக்கேள்விக்கு ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் விடை கூறிவிடலாம். ஆயினும் காரணம் அறிந்து கூறும் விடையே பிறருக்கும் பயன்படும். அக்காரணங்களை இப்பாடத்தில் ஆராய்வோம்.

கிராபிக்ஸ் கார்டு செய்யும் வேலை

கணிப்பொறித் திரையில் தோன்றும் படம் நுண்ணிய புள்ளிகளால் ஆனது. இன்று பரவலாக உள்ள திரையில் குறுக்கே 1,920 புள்ளிகளும், நெடுக்கே 1,080 புள்ளிகளும் அமைந்துள்ளன. இவ்விரண்டையும் பெருக்கினால் 20,73,600 புள்ளிகள் வரும். ஒவ்வொரு புள்ளிக்கும் உரிய நிறத்தைக் கணக்கிட்டால்தான் ஒரு படம் முற்றுப்பெறும். திரைப்படத்தில் விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. விளையாட்டிலோ அசைவு தடையின்றித் தோன்றுவதற்கு விநாடிக்கு 60 படங்களேனும் வேண்டுமெனப் பலர் கருதுகின்றனர். அக்கணக்குப்படி விநாடிக்கு 12,44,16,000 புள்ளிகளின் நிறம் தீர்மானிக்கப்படுதல் வேண்டும். 3,840 புள்ளி அகலமும் 2,160 புள்ளி உயரமும் உடைய பெரிய திரையில் இவ்வேலை நான்கு மடங்காகிறது.

இத்துணைக் கணக்கையும் மையச் செயலி ஒன்றே செய்துவிட இயலாது. எனவே அப்பொறுப்பு கிராபிக்ஸ் கார்டிடம் ஒப்படைக்கப்படுகிறது. கார்டின் நடுவேயுள்ள சில்லில் ஆயிரக்கணக்கான சிறு கணக்கீட்டுப் பகுதிகள் ஒருங்கே இயங்குகின்றன. சான்றாக, என்விடியா நிறுவனம் 2021 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆர்.டி.எக்ஸ். 3060 என்னும் கார்டில் இத்தகைய பகுதிகள் 3,584 உள்ளன. கணக்குக்கு வேண்டிய உருவங்களையும் நிறத் தகவல்களையும் வைத்துக்கொள்ளக் கார்டுக்கென்று தனி நினைவகமும் உண்டு. மேற்கூறிய கார்டில் அது 12 ஜி.பி. அளவினது.

இங்கே ஓர் உண்மையை மனத்திற்கொள்ளல் வேண்டும். ஒரு கார்டு என்பது தனியொரு தொழிலாளி அன்று. ஒரே கூரையின் கீழ், ஒரே களஞ்சியத்தைப் பகிர்ந்துகொண்டு உழைக்கும் ஆயிரக்கணக்கான தொழிலாளர்களின் கூட்டம் அது. ஆகவே நம்முன் உள்ள கேள்வி ஒருவரா, இருவரா என்பதன்று. தொழிலாளர் அனைவரும் ஒரே கூரையின் கீழ் இருப்பது நலமா, இரண்டு தனிக் கட்டடங்களில் இருந்துகொண்டு இடையிலுள்ள பாதை வழியே செய்தி அனுப்பிக்கொள்வது நலமா என்பதே கேள்வியாகும்.

இரட்டைக் கார்டு முறையின் வரலாறு

இரண்டு கார்டுகளை இணைக்கும் எண்ணம் வீண் எண்ணமாகத் தோன்றியதன்று. 1998 ஆம் ஆண்டில் 3டி.எஃப்.எக்ஸ். என்னும் அமெரிக்க நிறுவனம் வூடூ 2 என்ற கார்டை வெளியிட்டது. அவற்றுள் இரண்டை இணைத்தால், படத்தின் ஒற்றைப்படை வரிகளை ஒரு கார்டும், இரட்டைப்படை வரிகளை மற்றொரு கார்டும் வரைந்தன. அக்காலத்து விளையாட்டுகளில் உருவங்கள் எளியவை. ஒரு வரியின் கணக்கு அடுத்த வரியின் கணக்கை எதிர்பார்த்திருக்கவில்லை. எனவே பங்கீடு நன்கு பலித்தது.

அந்நிறுவனம் நலிவுற்றபின் அதன் உடைமைகளுள் பெரும்பகுதி என்விடியாவின் கைக்கு வந்தது. 2004 இல் என்விடியா எஸ்.எல்.ஐ. என்ற பெயரை மீண்டும் கொணர்ந்து, புதியதொரு இணைப்பு முறையை அறிமுகப்படுத்தியது. 2005 இல் ஏ.டி.ஐ. நிறுவனம் கிராஸ்ஃபயர் என்ற முறையை அறிவித்தது. 2006 இல் அந்நிறுவனத்தை ஏ.எம்.டி. விலைக்கு வாங்கியதால் கிராஸ்ஃபயரும் ஏ.எம்.டி.யின் முறையாயிற்று. அதன்பின் சுமார் பத்தாண்டுக் காலம் இரண்டு கார்டுகள் மட்டுமன்றி மூன்று, நான்கு கார்டுகள் பூட்டிய கணிப்பொறிகளும் உலவின.

பின்னர் இறக்கம் தொடங்கியது. 2016 இல் வெளிவந்த தலைமுறையில் இரண்டுக்கு மேற்பட்ட கார்டுகளை இணைப்பதற்குத் தந்துவந்த ஆதரவை என்விடியா சுருக்கிக்கொண்டது. 2017 இல் ஏ.எம்.டி. தன் புதிய கார்டுகளுக்குக் கிராஸ்ஃபயர் என்ற பெயரைப் பயன்படுத்துவதையே விட்டுவிட்டது. 2020 இல் வெளியான ஆர்.டி.எக்ஸ். 3090 கார்டில் இணைப்புப் பாலத்துக்கான முனை இருந்தது. ஆயினும் 2021 ஜனவரி முதல் எஸ்.எல்.ஐ. முறைக்குப் புதிய விளையாட்டுகளுக்கான அமைப்புக் குறிப்புகளைச் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. 2022 இல் வந்த ஆர்.டி.எக்ஸ். 4090 கார்டில் அந்த இணைப்பு முனையே இல்லை. இவ்வாறு, 1998 இல் விளையாட்டுகளில் பரவிய முறை ஏறத்தாழ இருபத்துமூன்று ஆண்டுகளில் விளையாட்டுலகினின்றும் விடைபெற்றது.

வேலையைப் பங்கிடும் வழிகள்

இரண்டு கார்டுகளுக்கிடையே வேலையைப் பங்கிட முக்கியமாக இரண்டு வழிகள் கையாளப்பட்டன. ஒரே படத்தை மேற்பாதி, கீழ்ப்பாதி எனப் பிரித்துக் கொடுப்பது ஒரு வழி. வானம் நிறைந்த மேற்பாதியில் வேலை குறைவாகவும், மரமும் மனிதரும் நிறைந்த கீழ்ப்பாதியில் வேலை மிகுதியாகவும் இருக்கும். ஆதலால் ஒரு கார்டு தன் பங்கை முடித்துவிட்டு மற்றொன்றுக்காகக் காத்திருக்க நேரிடும்.

முதற் படத்தை ஒரு கார்டுக்கும், இரண்டாம் படத்தை அடுத்த கார்டுக்கும், மூன்றாம் படத்தை மீண்டும் முதற் கார்டுக்கும் மாற்றி மாற்றிக் கொடுப்பது மற்றொரு வழி. மிகுதியும் கைக்கொள்ளப்பட்டது இதுவே. இவ்வழியில் மூன்று குறைகள் உண்டு.

முதற் குறை, படங்கள் சீரான இடைவெளியில் வாராமை. விநாடிக்கு 60 படங்கள் சீராக வரின், படத்துக்குப் படம் இடைவெளி 16.7 மில்லி விநாடியாகும். இரண்டு கார்டுகள் மாறி மாறி வரையும்போது ஓர் இடைவெளி 8 மில்லி விநாடியாகவும், அடுத்தது 25 மில்லி விநாடியாகவும் அமையலாம். சராசரி எடுத்தால் ஏறத்தாழ 60 படங்கள் என்றே கணக்குக் காட்டும். ஆனால் கண்ணுக்குப் புலப்படுவது 25 மில்லி விநாடித் தயக்கமே. அது விநாடிக்கு 40 படங்கள் ஓடுவதற்கு ஒப்பாகும். சராசரி எண்ணை மட்டும் கண்டு மதிப்பிடுவது எவ்வளவு தவறானது என்பதற்கு இது தக்க சான்று.

இரண்டாம் குறை, கையசைவுக்குரிய விடை விரைந்து வாராமை. ஒரு படத்தை வரைய ஒரு கார்டுக்கு 33 மில்லி விநாடி ஆகுமெனின், இரண்டு கார்டுகள் இருந்தபோதிலும் அந்த ஒரு படத்துக்கு அதே 33 மில்லி விநாடி ஆகவே செய்யும். படங்களின் எண்ணிக்கை கூடும். ஆனால் பொத்தானை அழுத்தியதன் பலன் திரையில் தோன்றும் நேரம் குறையாது.

மூன்றாம் குறை நினைவகத்தைப் பற்றியது. வாங்குவோர் ஏமாறுவது பெரும்பாலும் இவ்விடத்திலேதான். 4 ஜி.பி. நினைவகமுள்ள கார்டுகள் இரண்டைப் பொருத்தினால் 8 ஜி.பி. கிடைக்கும் என்று பலர் எண்ணுகின்றனர். மாறி மாறி வரையும் முறையில் இரண்டு கார்டுகளும் ஒரே காட்சியைத்தான் வரைகின்றன. ஆதலின் அதே உருவங்களின் பிரதி இரண்டு நினைவகங்களிலும் தனித்தனியே இருந்தாக வேண்டும். ஆகவே விளையாட்டுக்குக் கிடைப்பது 4 ஜி.பி. மட்டுமே. ஒரே பாடப்புத்தகத்தின் இரண்டு பிரதிகளை அலமாரியில் வைப்பதால் படிக்கக் கிடைக்கும் பாடங்கள் இருமடங்காகிவிடுவதில்லை அன்றோ?

முறை கைவிடப்பட்ட காரணம்

மேற்சொன்ன குறைகள் தொடக்கமுதலே இருந்தவை. முறையை அடியோடு வீழ்த்தியது விளையாட்டுகளின் கட்டமைப்பில் ஏற்பட்ட மாறுதலாகும். இக்காலத்து விளையாட்டுகள் ஒவ்வொரு படத்தையும் புதிதாகத் தொடங்கி வரைவதில்லை. முந்தைய படத்தின் நிறங்களையும் அசைவுகளையும் எடுத்துக்கொண்டு, அவற்றின் துணையால் அடுத்த படத்தைச் செம்மைப்படுத்துகின்றன. விளிம்புகளை மென்மையாக்கும் வேலைக்கும், சிறு படத்தைப் பெரிதாக்கித் தெளிவுபடுத்தும் வேலைக்கும் இவ்வுத்தி பயன்படுகிறது. ஒரே கார்டு இருப்பின் முந்தைய படம் அதன் நினைவகத்திலேயே தயாராக இருக்கும். இரண்டு கார்டுகள் மாறி மாறி வரையின், முந்தைய படம் மற்றொரு கார்டில் இருக்கும். அதனை இடைப்பாதை வழியே கொணரும்வரை இக்கார்டு காத்திருக்க வேண்டும். ஒன்றையொன்று எதிர்பார்த்து நிற்கும் வேலையை இருவருக்குப் பங்கிட்டால் காத்திருப்பே மிஞ்சும்.

இத்துடன் பொறுப்பும் இடம் மாறியது. முற்காலத்தில் கார்டு செய்யும் நிறுவனமே டிரைவர் நிரலில் ஏற்பாடு செய்து இரட்டைக் கார்டுகளை இயங்கச் செய்தது. 2015 இல் வந்த டைரக்ட்எக்ஸ் 12, 2016 இல் வந்த வல்கன் ஆகிய முறைகளில், பங்கீட்டை விளையாட்டை எழுதுவோரே அமைத்துக்கொள்ளும்படி ஆயிற்று. இரண்டு கார்டு வைத்திருப்போர் மிகச் சிலரே. அச்சிலருக்காகப் பல மாத உழைப்பைச் செலவிடப் பெரும்பாலான நிறுவனங்கள் முன்வரவில்லை.

அண்மையில், இரண்டாவதாக ஒரு சிறு கார்டைப் பொருத்தி, முதற் கார்டு வரைந்த படங்களுக்கு இடையே ஊகப் படங்களைச் செருகும் மென்பொருள்களும் வந்துள்ளன. அசைவு சற்று வழவழப்பாகத் தோன்றுவது மெய்யே. ஆனால் அப்படங்கள் விளையாட்டின் கணக்கிலிருந்து பிறந்தவையல்ல. கையசைவுக்குரிய விடையை அவை விரைவுபடுத்துவதில்லை.

பங்கீட்டுக் கணக்கு

வேலையைப் பங்கிடுவதால் எவ்வளவு இலாபம் என்பதை 1967 இல் ஜீன் அம்டால் என்னும் கணிப்பொறி அறிஞர் எடுத்துரைத்தார். அம்டால் விதி எனப்படும் அக்கருத்தைச் சூத்திரமின்றியே விளக்கலாம்.

ஒரு வேலைக்கு 40 நிமிடம் ஆகிறது எனக் கொள்வோம். அதில் 30 நிமிட வேலையைப் பங்கிடலாம். 10 நிமிட வேலையைப் பங்கிட இயலாது. இருவர் செய்யின், பங்கிடக்கூடிய பகுதி 15 நிமிடத்தில் முடியும். பங்கிட இயலாத 10 நிமிடம் அப்படியே நிற்கும். மொத்தம் 25 நிமிடம். 40 ஐ 25 ஆல் வகுத்தால் வேகம் 1.6 மடங்கு மட்டுமே. நால்வரைச் சேர்த்தால் 17½ நிமிடம். வேகம் ஏறத்தாழ 2.3 மடங்கு. எத்தனை பேரைச் சேர்த்தாலும் 10 நிமிடத்துக்குக் கீழே இறங்காது. அதாவது வேகம் 4 மடங்கைத் தாண்டாது. இக்கணக்கில் செய்தி பரிமாறும் நேரம் சேர்க்கப்படவில்லை. அதையும் சேர்த்தால் இலாபம் இன்னும் குறையும்.

பங்கிடத்தக்க வேலைக்கு உதாரணம் இடுக்கி மாவட்டத்திலேயே உண்டு. மூலமட்டம் நிலத்தடி மின்நிலையத்தில் 130 மெகாவாட் திறனுள்ள யந்திரங்கள் ஆறு உள்ளன. மொத்தத் திறன் 780 மெகாவாட். ஒவ்வொரு யந்திரமும் தன் பங்கு மின்சாரத்தை ஒரே வலைக்கு அளிக்கிறது. அங்கே திறன்கள் கூட்டலாக அமைகின்றன. ஏனெனில் ஓர் யந்திரம் உண்டாக்கும் மின்சாரத்துக்கு, மற்றொன்று சற்றுமுன் உண்டாக்கிய மின்சாரம் மூலப்பொருளாக வேண்டுவதில்லை. விளையாட்டின் படங்களோ ஒன்றிலிருந்து மற்றொன்று பிறப்பவை. பல யந்திரங்கள் சேர்ந்தால் திறன் கூடும் என்னும் பொதுவான எண்ணம் ஓரிடத்தில் மெய்யாகவும், மற்றோரிடத்தில் பொய்யாகவும் போவதன் காரணம் இதுவே.

மின்சாரமும் உஷ்ணமும்

வேகம் இருமடங்காகாவிடினும் மின்செலவு இருமடங்காகிவிடும். ஆர்.டி.எக்ஸ். 3090 கார்டு ஒன்று முழு வேலையில் 350 வாட் வரை இழுக்கும். இரண்டு 700 வாட். நாள்தோறும் 4 மணி நேரம் இயங்கினால், ஒரு கார்டுக்கு 30 நாளில் 42 யூனிட், இரண்டுக்கு 84 யூனிட் செலவாகும். கணிப்பொறியின் ஏனைய பாகங்களின் செலவு இதற்குப் புறம்பானது. வீடுகளில் சாதாரணமாக வைக்கப்படும் 600 வி.ஏ. யூ.பி.எஸ். பெட்டி பெரும்பாலும் 360 வாட் சுமையையே தாங்கும். இரட்டைக் கார்டுக் கணிப்பொறியில் விளையாட்டு நடக்கையில் மின்சாரம் தடைப்படின், அப்பெட்டி ஒரு நொடியும் உதவாது.

கார்டு இழுக்கும் மின்சாரம் முழுவதும் இறுதியில் உஷ்ணமாகவே அறையில் சேருகிறது. 700 வாட் என்பது ஒரு சிறு அறைச் சூடேற்றிக்கு ஒப்பான அளவு. பாலக்காட்டுக் கணவாய்ப் பகுதியில் மார்ச், ஏப்ரல் மாதங்களில் வெயில் 40 டிகிரியை எட்டுவதுண்டு. அந்நாளில் மூடிய அறையொன்றில் 700 வாட் சூட்டைச் சேர்ப்பது யந்திரத்துக்கும் நன்றன்று, மனிதருக்கும் நன்றன்று. மேலும், அடுத்தடுத்துப் பொருத்திய கார்டுகளுள் கீழ்க் கார்டு வெளிவிடும் வெந்த காற்றையே மேற்கார்டு உள்ளிழுக்கிறது. உஷ்ணம் வரம்பைத் தாண்டும்போது கார்டு தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டுத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இரண்டாம் கார்டால் கிடைத்த சிறு இலாபமும் இவ்வாறு கரைந்துபோகும். கணவாய்க் காற்றோடு வரும் தூசியும் விசிறிகளை அடைத்துக்கொள்ளும்.

மூணாறு, தேவிகுளம் போன்ற மலைப்பகுதிகளில் குளிர் இருப்பதால் இத்தொல்லை குறைவு. ஆயினும் அங்கே ஈரப்பதமும் இடிமின்னலும் கவனிக்கத்தக்கவை. கோடை மழைக் காலத்திலும், ஐப்பசி, கார்த்திகை மாதங்களிலும் இடி முழங்கும்போது கணிப்பொறியின் செருகியையும் இணையக் கம்பியையும் கழற்றி வைத்தல் வேண்டும். நிலத்தொடர்பு எனப்படும் எர்த் இணைப்புச் சரியாக உள்ளதா என்பதை மின்பணியாளரைக் கொண்டு சோதித்தல் அவசியம்.

மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியும் கருதற்குரியது. கார்டு செருகப்படும் துளை 75 வாட் அளிக்கும். ஆறு முனை இணைப்பு 75 வாட், எட்டு முனை இணைப்பு 150 வாட் அளிக்கும். இரண்டு கார்டுகளுக்குப் போதிய இணைப்புகள் இல்லாத பெட்டியில், மாற்றுக் கம்பிகளைக் கொண்டு ஒட்டவைத்து இயக்குவது கம்பி உருகுவதற்கும் தீப்பற்றுவதற்கும் இடமளிக்கும். கார்டில் மிச்சம் பிடிப்பதாக எண்ணியவர் எஸ்.எம்.பி.எஸ்., தாய்ப்பலகை, பெட்டி, விசிறி ஆகியவற்றுக்கு அப்பணத்தைச் செலவிட நேரிடுவது திண்ணம்.

பழைய கார்டுகளைப் பற்றி எச்சரிக்கை

எதீரியம் என்னும் மின்நாணய முறை 2022 செப்டம்பர் 15 ஆம் நாள் தன் கணக்கீட்டு வழியை மாற்றிக்கொண்டது. அதுவரை அந்நாணயத்தை ஈட்டுவதற்காக இரவு பகலாக உழைத்துவந்த எண்ணற்ற கார்டுகள் வேலையற்றுப் பழைய சந்தைக்கு வந்தன. அவற்றுள் நல்லவையும் உண்டு. விசிறி தேய்ந்தவையும், வெப்பத்தைக் கடத்தும் பசை உலர்ந்தவையும் உண்டு.

இங்கே முக்கியமாக அறிய வேண்டுவது வேறொன்று. அச்சந்தையில் மிகுதியாகப் புழங்கும் ஜி.டி.எக்ஸ். 1060, ஜி.டி.எக்ஸ். 1660, ஆர்.டி.எக்ஸ். 3060 ஆகிய கார்டுகளுக்கு எஸ்.எல்.ஐ. இணைப்பு முனையே கிடையாது. இவற்றுள் இரண்டை வாங்கிப் பொருத்தினாலும் பெரும்பாலான விளையாட்டுகளில் ஒன்று உழைக்கும். மற்றொன்று சும்மா இருக்கும். இணைக்கத்தக்க பழைய கார்டுகளை எடுத்துக்கொண்டாலும் நிலைமை சிறப்பன்று. 2014 இல் வந்த ஜி.டி.எக்ஸ். 980 கார்டுகள் இரண்டு சேர்ந்து 330 வாட் இழுக்கும். விளையாட்டுக்குக் கிடைக்கும் நினைவகம் 4 ஜி.பி. ஆர்.டி.எக்ஸ். 3060 ஒன்று 170 வாட்டில் 12 ஜி.பி. நினைவகம் தருகிறது. மேலும், 2014, 2016 ஆம் ஆண்டுத் தலைமுறைகளைச் சேர்ந்த என்விடியா கார்டுகளுக்கு, புதிய விளையாட்டுகளையொட்டி வந்துகொண்டிருந்த டிரைவர் நிரல்கள் 2025 அக்டோபரோடு நிறுத்தப்பட்டு, பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே தொடர்கின்றன.

எல்லைப் பகுதியில் வாழ்வோர்க்கு உத்தரவாதம் மற்றெவரினும் முக்கியமானது. கார்டு பழுதுபட்டால் மறையூரிலிருந்தோ குமுளியிலிருந்தோ மீண்டும் மலையிறங்கி, ஒரு நாள் கூலியையும் பேருந்துக் கட்டணத்தையும் செலவிட்டுக் கடைக்குச் செல்ல வேண்டும். உத்தரவாதமற்ற இரண்டு கார்டுகளில் பழுதுக்குரிய வாய்ப்பும் இரண்டு.

இரண்டு கார்டுகள் பயன்படும் இடங்கள்

இதுகாறும் கூறியவை விளையாட்டைப் பற்றியவை. வேறு சில வேலைகளில் இரண்டு கார்டுகள் மிகவும் பயன்படுகின்றன. பிளெண்டர் என்னும் இலவச மென்பொருள் முப்பரிமாண அசைவூட்டப் படங்களைச் செய்ய உதவுவது. அதன் சைக்கிள்ஸ் என்ற பகுதி, பாலம் எதுவுமின்றியே இரண்டு கார்டுகளுக்கும் வேலையைப் பங்கிட்டுக் கொடுக்க வல்லது. ஒளிக்கதிர் ஒன்றின் கணக்கு மற்றொன்றின் கணக்கை எதிர்பார்ப்பதில்லை. முடிவு ஒரு நிமிடம் முன்பின்னாக வந்தாலும் கண்ணுக்கு உறுத்தலில்லை. ஆகவே இங்கே இரண்டாம் கார்டின் உழைப்பு வீண்போவதில்லை. ஆனால் இங்கும் காட்சி முழுவதும் ஒவ்வொரு கார்டின் நினைவகத்திலும் அடங்கியாக வேண்டும் என்பது பொது விதி.

பெருங்கணிப்பொறிகளிலும் இதே தத்துவமே இயங்குகிறது. பாலக்காட்டிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகம், தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் திட்டத்தின் பயிற்சி மையங்கள் நான்கனுள் ஒன்றாகும். காரக்பூர், சென்னை, கோவா ஆகிய கழகங்களில் ஏனைய மூன்றும் அமைந்துள்ளன. வேலையைப் பல செயலிகளுக்கு எவ்வாறு பிரித்துக் கொடுப்பது, காத்திருப்பை எவ்வாறு குறைப்பது என்பதே இத்துறைப் பயிற்சியின் உயிர்நாடி. செயற்கை அறிவு மாதிரிகளைப் பயிற்றுவிக்கையில், பயிற்சித் தகவல்களைப் பல பங்காக்கி ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு பங்கு கொடுத்து, விடைகளை இடையிடையே ஒன்று சேர்க்கின்றனர்.

கேரள அரசின் கைட் நிறுவனம் 2018 இல் தொடங்கிய லிட்டில் கைட்ஸ் மன்றங்களில் மாணவர் அசைவூட்டக் கலையையும் பயில்கின்றனர். ஆகையால் பிள்ளை கணிப்பொறியில் செய்ய விரும்புவது விளையாட்டா, படமாக்கலா என்பதை முதலில் விசாரித்து அறிதல் ஆசிரியரின் கடமையாகும்.

தீர்மானிக்கும் முறை

யோசனை கேட்டு வருவோரிடம் பின்வரும் வரிசைப்படி வினவுதல் நலம்.

1. வேலை எது? விளையாட்டு மட்டும் எனின் ஒரு கார்டே போதும். இரண்டாம் கார்டைப் பற்றிய பேச்சு அத்துடன் முடிந்தது.

2. திரை எத்தகையது? 1,920 × 1,080 புள்ளித் திரைக்கு நடுத்தரக் கார்டு போதும். பெரிய திரைக்கு இரண்டு சிறு கார்டுகளைவிட, வலிமையும் நினைவகமும் மிகுந்த ஒரே கார்டே ஏற்றது.

3. எஸ்.எம்.பி.எஸ். எத்தனை வாட் உடையது? கார்டு கேட்கும் முனைகள் அதில் நேரடியாக உள்ளனவா?

4. படமாக்கலுக்காக இரண்டு கார்டு வேண்டுமெனில், தாய்ப்பலகையின் இரண்டாம் துளை உண்மையில் எத்தனை பாதைகளைக் கொண்டது? மலிவான பலகைகளில் இரண்டாம் துளை பார்வைக்கு நீளமாக இருப்பினும், பதினாறுக்குப் பதில் நான்கு பாதைகளே பெற்றிருப்பதுண்டு.

5. உத்தரவாதம் எத்தனை ஆண்டு? சீட்டில் கார்டின் வரிசை எண் குறிக்கப்பட்டுள்ளதா?

6. இன்று ஒரு கார்டு வாங்கி, வேகம் போதாதபோது அதையே மற்றொன்று சேர்க்கலாம் என்னும் எண்ணம் உண்டா? விளையாட்டுக்கு அது பயன்படாது. அப்போது பழைய கார்டை விற்று, புதியது ஒன்றை வாங்குவதே முறை.

பொதுப்பணத்தைக் கொண்டு வாங்கும் இளைஞர் மன்றங்களும் வாசகசாலைகளும் மேலும் ஒன்றைக் கருதல் வேண்டும். இரண்டு கார்டுகளுக்குப் பணம் இருப்பின், ஒரே கணிப்பொறியில் இரண்டையும் பூட்டுவதைவிட, கையிலுள்ள மற்றொரு கணிப்பொறியில் அதனைப் பொருத்துவது மேல். அப்போது இரண்டு கார்டுகளும் முழுத் திறனுடன் உழைக்கும்; ஒருவருக்குப் பதில் இருவர் அமர்ந்து பயன் பெறுவர். காத்திருப்பே இல்லாத பங்கீடு அதுவே.

வகுப்பறைச் சோதனை

இப்பாடத்தை மாணவர் எளிதில் உணரும்படி செய்யக் கணிப்பொறி தேவையில்லை. கரும்பலகையின் ஒரு பக்கம் ஒன்றோடொன்று தொடர்பற்ற இருபது பெருக்கல் கணக்குகளை எழுதுக. ஒரு மாணவர் தனியே செய்ய ஆகும் நேரத்தையும், இருவர் பத்துப் பத்தாகப் பங்கிட்டுச் செய்ய ஆகும் நேரத்தையும் குறித்துக்கொள்க. நேரம் ஏறத்தாழப் பாதியாகும்.

மறுபக்கம் ஒரு கணக்கின் விடையை எடுத்து அடுத்த கணக்கைச் செய்யும்படி இருபது கணக்குகளைத் தொடராக எழுதுக. ஒற்றைப்படைக் கணக்குகளை ஒருவரும், இரட்டைப்படைக் கணக்குகளை மற்றவரும் வகுப்பின் இரு மூலைகளில் அமர்ந்து செய்யட்டும். விடையைச் சீட்டில் எழுதி மூன்றாமவர் எடுத்துச் செல்லட்டும். இம்முறை இருவர் சேர்ந்து செய்வது, ஒருவர் தனியே செய்வதைவிட மெதுவாக நடப்பதை மாணவர் கண்கூடாகக் காண்பர். முதல் வரிசைக் கணக்குகள் பிளெண்டரின் வேலையை ஒத்தவை. இரண்டாம் வரிசை இக்கால விளையாட்டை ஒத்தது.

இச்சோதனையைக் கண்ட மாணவர், கடைக்காரர் “இரண்டு கார்டு, இருமடங்கு வேகம்” என்று கூறும்போது, “வேலை பங்கிடத்தக்கதா?” என்று திருப்பிக் கேட்கக் கற்றிருப்பார். அந்த ஒரு கேள்வி பெற்றோரின் பல மாதச் சேமிப்பைக் காக்கும்.